பானை வழித்த கதாநாயகி

பெண் வேடமென்றால் ஆண்தான் கட்ட வேண்டும் என்று அசகுசா ஜனங்கள் பழகிப் போயிருந்தார்கள். நாடகத்தில் அப்படி, புதிதாக வந்த ஊமைச் சினிமாவிலும் அப்படியே. அங்கே ஒரு நிஜப் பெண் கதாநாயகியாக நடித்தால் என்ன ஆகும்? நுயிக்கு ஆனதுதான் ஆகும்.

படத்தின் முதல் நாள், மதியக் காட்சி. தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, பெண்கள் பக்கத்தில் அடையாளம் தெரியாமல் உட்கார்ந்திருந்தாள் நுயி. பட முதலாளி தசாகி கறாராகச் சொல்லிவிட்டார்: இன்று பெண்கள் பக்கம் அழவில்லையென்றால், அடுத்த படத்தில் பழையபடி சொமேயாதான் நாயகி. சொமேயா பதினைந்து வருஷமாகப் பெண் வேடம் கட்டுபவர். நடந்தால் பூங்கொடி அசைகிற மாதிரி இருக்கும். வீட்டில் அந்த மனுஷன் விடும் குறட்டை வேறு விஷயம்.

நுயிக்குப் பக்கத்தில் சிப்பி விற்கும் கானேயும் அவள் நாத்தனார் தொமியும் வறுத்த பயறு கொறித்துக்கொண்டிருந்தார்கள்.

"யாரு அண்ணி இவன், புதுசா இருக்கான்?" என்று திரையில் தெரிந்த நுயியைக் காட்டிக் கேட்டாள் தொமி.

"எவனோ. தோளப் பாரு, மூட்டை தூக்குறவன் மாதிரி. நடையும் வரல. பொம்பள வேஷம் போடத் தெரியாதவன்லாம் எதுக்குடி வர்றான்?"

நுயிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பிறந்ததிலிருந்து பெண்ணாகவே இருப்பவளைப் பார்த்துச் சொல்கிற பேச்சா இது? திரையோரம் நின்று எல்லாப் பாத்திரங்களுக்கும் தானே குரல் கொடுக்கும் கதைசொல்லி கோரான், அவளுக்காகத் தேன் குரலில் உருகிக்கொண்டிருந்தார். யாரும் உருகுவதாக இல்லை.

போதாததற்கு, அடுப்படிக் காட்சி வேறு வரப்போகிறது. புருஷன் விட்டுவிட்டு ஓடிப்போனவள், மாமியாருக்கும் பிள்ளைகளுக்கும் சோறு போட்டுவிட்டுத் தனியே உட்கார்ந்து, கிமோனோக் கையால் வாயைப் பொத்தி அழ வேண்டும். படம் பிடித்த அன்று, வெயில் போவதற்குள் எடுத்தாக வேண்டுமென்று விடிந்ததிலிருந்து நுயி பட்டினி. பானையில் இருந்ததோ நிஜச் சோறு. கேமராவாவது ஒன்றாவது! அடியில் தீய்ந்ததை விரலால் வழித்து, வாயைத் திறந்து தின்றேவிட்டாள்.

பிலிம் விற்கிற விலையில் மறுபடி எடுக்க முடியாது என்றார் தசாகி. அதை வெட்டியாவது எறியுங்கள் என்று நுயி கெஞ்சிப் பார்த்தாள். பலிக்கவில்லை. சொமேயாவுக்குக் கொண்டாட்டம்.

"பதினஞ்சு வருஷமா நான் பொம்பளையா இருக்கேம்மா. ஒரு நாளாவது வாயத் தொறந்து தின்னுருக்கேனா?"

இதோ, பானை வந்துவிட்டது. நுயி நழுவிவிடலாமென்று செருப்பைத் துழாவினாள். கோரானின் ஏட்டில் அழுகைதான் எழுதியிருந்தது. திரையில் இவள் தின்பதைப் பார்த்ததும் என்ன பேசுவதென்று தெரியாமல் அவர் வாயை மூடிக்கொண்டார்.

பயறு கொறிப்பதை நிறுத்தினாள் கானே.

"ஏ தொமி, இது ஆம்பள இல்லடி. பொம்பளதான்."

"எப்படிச் சொல்ற அண்ணி?"

"அந்த விரலப் பாரு. எல்லாருக்கும் போட்டுட்டு மிச்சத்த வழிக்கிறவளுக்குத்தான் அது வரும். எந்த ஆம்பள பானையோட அடியப் பாத்திருக்கான்?"

சொல்லிவிட்டு மூக்கை உறிஞ்சினாள். தொமியும் உறிஞ்சினாள். பின்னால் யாரோ விசும்பினார்கள். கொஞ்ச நேரத்தில் பெண்கள் பக்கம் முழுக்கத் துண்டும் கையுமாக இருந்தது. நுயியும் தன் தலைத்துண்டை அவிழ்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

வாசலில் தசாகி காத்திருந்தார்.

"அடுத்த படமும் நீதான். அதுலயும் ஒரு பானை வெச்சிடலாம். மறுபடி பட்டினி கிடந்துடு, என்ன?"

"பானைய வைங்க," என்றாள் நுயி. "ஆனா அன்னைக்கு எனக்குத்தான் முதல்ல சோறு. நீங்க எல்லாரும் மிச்சத்த வழிச்சுக்கங்க. கஷ்டமா இருந்தா சொல்லுங்க, கத்துத்தர்றேன்."