கண்டுபிடித்த கணக்கில் வராது

காலைக் கூட்டம் கலைந்து, ரத்த மாதிரிக் குழாய்களைச் சுழலும் இயந்திரத்தில் அடுக்கி மூடிவிட்டு எழில்மதி ஸ்டூலில் உட்கார்ந்தபோதுதான் கைபேசியில் அந்தக் குறிப்பு வந்து விழுந்தது. கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு தனியார் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்கு வேலை. காலையிலிருந்து யாராவது ஒருவர் கையை நீட்டி, முகத்தைத் திருப்பிக்கொண்டு, வலிக்குமா என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள். அந்த அறைக்கு வெளியே அவளுக்கென்று இருந்தது ஒரு விளையாட்டு. பெங்களூரில் இருக்கும் சித்தி மகள் சொல்லிக் கொடுத்தது. ஜியோகேச்சிங் என்று பெயர். யாரோ ஒருவர் எங்கோ ஒரு சின்னப் பெட்டியை ஒளித்து வைத்து, அது இருக்கும் புள்ளியைச் செயலியில் போட்டுவிடுவார். மற்றவர்கள் தேடிப் போய் அதைத் திறந்து, உள்ளே இருக்கும் தாளில் பெயர் எழுதி, எப்படி இருந்ததோ அப்படியே மறைத்து வைத்துவிட்டு வரவேண்டும். அவ்வளவுதான். பரிசு என்று ஒன்றும் கிடையாது.

ஆனால் பெருமை உண்டு. பத்துப் பெட்டி எடுத்தவருக்கு, தனக்கு மிகப் பிடித்த ஒரு பெட்டிக்கு ஃபேவரிட் கொடுக்கும் உரிமை கிடைக்கும். அதை யாரும் வாரி இறைப்பதில்லை. சுற்றுவட்டாரத்திலேயே அதிக ஃபேவரிட் வாங்கியது எழில்மதியின் அருவிப் பெட்டிதான். கல்வராயன் மலையில், கரியாலூரைத் தாண்டி, சாலை ஒரு இடத்தில் சட்டென்று வளையும். அங்கிருந்து கீழே பாறைகளில் தொற்றி இறங்கினால், ஊர் பேர் இல்லாத ஒரு சிற்றருவி. அதன் பக்கவாட்டில் ஒரு பாறைப் பொந்து. பொந்துக்குள் பெட்டி. அதைத் திறக்கவேண்டுமென்றால் ஒரே ஒரு இடத்தில்தான் உட்கார முடியும். உட்கார்ந்து நிமிர்ந்தால் விழுகிற தண்ணீருக்கு நடுவே தெரியும் இடைவெளியில், தூரத்தில், கோமுகி அணை ஒரு தகரத்துண்டு போல மின்னும். அந்த ஒரு இடத்துக்காக அவளும் கணவன் கலையரசனும் ஒரு மழைக்காலம் முழுக்க ஞாயிற்றுக்கிழமைகளில் மலையேறி அலைந்திருந்தார்கள். வந்தவர்கள் எல்லாரும் கடைசியில் அந்தக் காட்சியைப் பற்றித்தான் எழுதினார்கள். எழுதியதை எல்லாம் அவள் மறுபடி மறுபடி படிப்பாள்.

இன்றைக்கு வந்த குறிப்பு வேறு மாதிரி இருந்தது. எழுதியவர் தனக்கு நாலுசக்கரம் என்று பெயர் வைத்திருந்தார். "இது கண்டுபிடித்த கணக்கில் வராது. சாலை வளைவு வரை வந்தேன். அங்கேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். தண்ணீர் சத்தம் கேட்டது. கூட வந்த நண்பர் இறங்கிப் போய், உங்கள் பெயரையும் எழுதிவிடட்டுமா என்று மேலே பார்த்துக் கேட்டார். வேண்டாம் என்றேன். பெட்டி ஈரமில்லாமல் இருப்பதாகச் சொன்னார். வைத்தவருக்கு நன்றி."

நேர்மையான ஆள் என்று ஒரு கணம் தோன்றியது. மறுகணம், இவ்வளவு தூரம் காரில் வந்துவிட்டு நாலடி இறங்க வலிக்கிறதா என்ற எரிச்சல். பெயரே நாலுசக்கரம். மலைச்சாலையில் காரை நிறுத்தி, ஏசியை அணைக்காமல் உட்கார்ந்திருக்கும் ஒரு பெருத்த உடம்பை அவள் கற்பனை செய்துகொண்டாள். அந்த வேகத்திலேயே பதில் எழுதினாள்: "அடுத்த தடவை நல்ல செருப்பாகப் போட்டுக்கொண்டு வாருங்கள், கீழே இறங்கலாம்." எழுதிவிட்டு, இயந்திரம் நின்ற சத்தம் கேட்டு எழுந்து போனாள்.

அந்த மாதக் கடைசியில் ஆட்டக்காரர்கள் சந்திப்பதற்கு ஒரு நாள் குறித்தார்கள். இடம் கச்சிராயபாளையத்துக்குப் பக்கத்தில் கோமுகி அணைப் பூங்கா. விழுப்புரம், சேலம், திருவண்ணாமலை என்று நாலா பக்கத்திலிருந்தும் கொஞ்சம் பேர் வந்திருந்தார்கள். கலையரசன் ஒரு தூக்கில் கேழ்வரகுப் பக்கோடா கொண்டுவந்து எல்லாருக்கும் கொடுத்துக்கொண்டிருந்தான். அப்போது பின்பக்கம் இரண்டு கூடுதல் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டர் ஒன்று பூங்கா வாசலில் வந்து நின்றது. ஓட்டி வந்தவர் முதலில் ஊன்றுகோலை எடுத்துத் தரையில் ஊன்றி, பிறகு வலது காலை இறக்கி, பிறகு மெலிந்து சூம்பிய இடது காலைக் கையால் தூக்கி இறக்கினார். நாற்பது வயதிருக்கும். இஸ்திரி போட்ட சட்டை. பச்சமுத்து என்றும், கோர்ட்டுக்கு எதிரில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பதாகவும், ஆட்டத்தில் தன் பெயர் நாலுசக்கரம் என்றும் சொன்னார்.

எழில்மதி வாய்க்குக் கொண்டுபோன பக்கோடாவைக் கீழே இறக்கினாள். ஸ்கூட்டரின் சக்கரங்களை மனம் தானாக எண்ணிப் பார்த்தது. மற்றவர்கள் பேசிச் சிரித்துக்கொண்டிருந்த நேரமெல்லாம் அவள் தூக்கை மூடுவதும் திறப்பதுமாக இருந்தாள். கூட்டம் கலைகிற சமயத்தில் அவரிடம் போய், அந்தச் செருப்பு விஷயத்தை எழுதியது தான்தான் என்று சொன்னாள்.

அவர் சிரித்தார். "நல்ல செருப்புதாங்க போட்டுக்கினு வந்தேன். கால்தான் பழசு."

அந்தச் சிரிப்பு அவளை இன்னும் சிறியவளாக்கியது. அருவிப் பெட்டியைச் சாலை வளைவுக்கே கொண்டுவந்து வைத்துவிடுவதாக அவசரமாகச் சொன்னாள். பச்சமுத்துவின் முகம் மாறியது அப்போதுதான். அதை மேலே கொண்டுவந்தால் அது வேறு பெட்டி, இறங்குகிறவர்கள் எல்லாம் மேலேயே பெயர் எழுதிவிட்டுப் போய்விடுவார்கள், அந்த இடைவெளியை யார் பார்ப்பார்கள் என்று கேட்டார். அணை தெரியுதாமே, என்றார். அருவிப் பெட்டிக்கு மற்றவர்கள் எழுதிய குறிப்புகள் அத்தனையையும் அவர் படித்திருந்தார்.

அடுத்த வாரமே கலையரசனைக் கிளப்பிக்கொண்டு மலைக்குப் போனாள். அருவிப் பெட்டியைத் தொடவில்லை. சாலை வளைவின் தடுப்புக் கம்பிக்குப் பின்னால், காந்தம் ஒட்டிய சின்ன டப்பா ஒன்றை வைத்தாள். வண்டியை விட்டு இறங்காமலேயே கை எட்டும் உயரம். அதற்காக அவள் கலையரசனின் வண்டியில் உட்கார்ந்தபடியே கையை நீட்டி நீட்டிப் பார்த்திருந்தாள். செயலியில் அது வெளியான அன்றே பச்சமுத்து போய் எடுத்துவிட்டார். அவர் எழுதியது இவ்வளவுதான்: "எடுத்தேன். நன்றி."

ஃபேவரிட் வரவில்லை. நாளைக்கு வரும் என்று இருந்தாள். மறந்திருப்பார் என்று இருந்தாள். இத்தனை வருஷமாக ஆடியும் அவர் ஒரு ஃபேவரிட்கூட யாருக்கும் கொடுத்ததில்லை என்பதை ஒரு நாள் அவருடைய பக்கத்தில் போய்ப் பார்த்துத் தெரிந்துகொண்டாள். அது ஆறுதலாக இல்லை. தண்ணீர்ச் சத்தத்துக்கே அத்தனை வரி எழுதிய மனிதர், அவருக்கென்றே வைத்த பெட்டிக்கு இரண்டே வார்த்தை. ராத்திரிச் சாப்பாட்டின்போது இதைச் சொல்லிப் பொருமினாள். சர்க்கரை ஆலையில் நாளெல்லாம் கரும்பு லாரிகளோடு மல்லுக்கட்டிவிட்டு வந்திருந்த கலையரசன், குழம்பை ஊற்றிக்கொண்டே, போய் அவரையே கேளேன் என்றான்.

கேட்டாள். கூடத்தின் ரசீதுப் படிவங்களை நகல் எடுக்கவேண்டும் என்ற சாக்கில் மத்தியான வெயிலில் கோர்ட்டுக்கு எதிரே போய் நின்றாள். கடையில் வேறு யாரும் இல்லை. இயந்திரத்தின் வெளிச்சம் ஒவ்வொரு தாளுக்கும் அவர் முகத்தில் ஒரு தரம் ஓடி மறைந்தது. தடுப்புக் கம்பியில் வைத்த பெட்டி எப்படி இருந்தது என்று, ஏதோ பேச்சுவாக்கில் கேட்பது போலக் கேட்டாள். அவர் தாள்களைத் தட்டி ஓரம் சேர்த்தார். நல்லா இருந்தது என்றார். அவள் நகரவில்லை. நிஜமாகச் சொல்லுங்கள் என்றாள்.

"தப்பா எடுத்துக்காதீங்க. வண்டிய நிறுத்துனேன், கைய நீட்டுனேன், வந்துடுச்சி. தேடவே இல்லிங்களே." தாள்களை அவள் பக்கம் தள்ளி, அவளைப் பார்க்காமல் சொன்னார்: "என் காலுக்குன்னு வெச்சீங்க. எனக்குன்னு வெச்சிருக்கலாம்."

தாள்களை வாங்கிக்கொண்டு வெளியே வந்தபோது அவளுக்கு முதலில் கோபம்தான் வந்தது. நல்லது செய்யப் போனால் இப்படி ஒரு பேச்சு. அன்று மாலை கூடத்தில் ரத்தம் எடுக்கும்போது, வலிக்குமா என்று கேட்டவர்களிடம் வலிக்கும் என்றாள். வீட்டுக்குப் போய் முகம் கழுவி விளக்கேற்றி உட்கார்ந்த பிறகுதான், அருவிப் பெட்டிக்காக அலைந்த அந்த மழைக்காலம் நினைவுக்கு வந்தது. எத்தனை இடம் பார்த்து எத்தனை இடத்தைத் தள்ளினார்கள். தடுப்புக் கம்பிக்கு அவள் செலவழித்தது எவ்வளவு நேரம்? தேடுகிறவனுக்கு என்ன காட்டப்போகிறோம் என்று ஒரு நொடியாவது யோசித்தாளா? இல்லை. கை எட்டுமா என்று மட்டும்தான் பார்த்தாள். அவளே கேட்டிருக்கிறாள், கூடத்துக்கு வரும் கிழவர்களிடம் உறவினர்கள், அவர்களுக்குக் காது கேட்காது, புரியாது என்று நினைத்துக்கொண்டு சத்தமாக, மெதுவாக, குழந்தையிடம் பேசுவது போலப் பேசுவதை. மறு ஞாயிற்றுக்கிழமை தனியாகப் பேருந்தில் போய் அந்த டப்பாவைப் பிடுங்கிக்கொண்டு வந்தாள்.

அப்புறம் இரண்டு மாதம் அவள் இடம் தேடினாள். ஸ்கூட்டர் நிற்கவேண்டும், தரை சமமாக இருக்கவேண்டும், ஆனால் பெட்டி கண்ணில் மண்ணைத் தூவவேண்டும். தேடுகிற நேரம் வீணாகிவிட்டது என்று தோன்றாத இடமாகவும் இருக்கவேண்டும். கடைசியில் கச்சிராயபாளையத்தில் வாய்க்கால் கரையில் இருந்த ஒரு டீக்கடை அவளைப் பிடித்து நிறுத்தியது. கடைக்கு முன்னால் வேப்பமரம். மரத்தடியில், வருகிறவர்கள் உட்கார்வதற்கென்று ஒரு பழைய புளியங்கட்டை. உட்கார்ந்து உட்கார்ந்து வழவழவென்று ஆகியிருந்தது. அதில் உட்கார்ந்தால் வாய்க்காலும், அதற்கு அந்தப் பக்கம் கரும்பும், கரும்புக்குப் பின்னால் கல்வராயன் மலையின் மொத்த நீளமும் தெரிந்தது. அடுத்தவர் இடத்தில் கேட்காமல் எதையும் ஒளித்து வைக்கக்கூடாது என்பது ஆட்டத்தின் முறை. கடைக்காரி செல்லியம்மாளிடம் விஷயத்தைச் சொல்லிப் புரியவைக்க மூன்று டீ குடிக்கவேண்டியிருந்தது. கேட்டு முடித்துவிட்டு செல்லியம்மாள் ஒன்றே ஒன்றுதான் தெரிந்துகொள்ள விரும்பினாள்.

"ஓட்ட போட்டா கட்டைக்கி ஒண்ணும் ஆவாதே?"

ஆகாது என்று கலையரசன் சத்தியம் செய்தான். அவனுக்குத் தெரிந்த கடைசல் பட்டறைக்காரர் ஒருவர் வந்து, கட்டையின் பக்கவாட்டில் ஒரு துளை போட்டு, அதே புளிய மரத்துண்டில் ஒரு மூடி கடைந்து பொருத்தினார். வெளியே பார்த்தால் மரத்தில் இயல்பாக இருக்கும் கணுக்களில் அதுவும் ஒரு கணு. திருகினால்தான் திறக்கும். உள்ளே எழில்மதி ஒரு புதுப் பரிசோதனைக் குழாயில் தாளைச் சுருட்டி வைத்தாள்.

பச்சமுத்து முதல் ஞாயிறு வந்தார். கிடைக்கவில்லை. வேப்பமரத்தைச் சுற்றினார், டீக்கடைத் தட்டியின் ஓரம் முழுக்க விரல் விட்டுப் பார்த்தார், களைத்துப்போய்க் கட்டையில் உட்கார்ந்து டீ குடித்தார் என்று செல்லியம்மாள் போனில் சொன்னாள். சொல்லும்போது அவளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "அதும் மேலயே குந்திக்கினு தேடுறாருங்க, பாவம்." அன்று மாலை அவர் எழுதிய குறிப்பு திரை கொள்ளாமல் நீண்டது. கிடைக்கவில்லை என்று தொடங்கி, வறண்டு கிடந்த வாய்க்காலின் கரையில் ஒரு மீன்கொத்தி வெறும் மண்ணையே வெறித்துக்கொண்டிருந்ததையும், கடைக்காரம்மா தன்னைப் பார்த்துப் பார்த்துச் சிரித்ததையும், நாலு மணிக்கு மலையின் நிழல் கரும்பின்மீது ஏறி வந்ததையும் எழுதியிருந்தார். எழில்மதி அதைக் கலையரசனுக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டினாள்.

அடுத்த ஞாயிறும் கிடைக்கவில்லை. அதற்கடுத்ததும். இடையில் சேலத்துக்காரர் ஒருவர் வந்து சீக்கிரமே எடுத்துவிட்டு ஃபேவரிட்டும் கொடுத்துவிட்டுப் போனார். வேண்டுமானால் ஒரு துப்புத் தருகிறேன் என்று அவர் சொன்னதற்கு, மகா கோபத்தோடு வேண்டாம் என்று பச்சமுத்து பதில் எழுதினார். ஒவ்வொரு ஞாயிறும் எழில்மதி மாலைக்காகக் காத்திருந்தாள். கிடைக்கவில்லை என்று வந்தால் ஒரு சந்தோஷம். அடுத்த வாரமும் எழுதுவார் என்பதால். அப்படிச் சந்தோஷப்படுவது சரிதானா என்ற சந்தேகமும் கூடவே வரும்.

ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பொறுக்கமுடியாமல் அவளே போனாள். பச்சமுத்து கட்டையில் உட்கார்ந்து, ஊன்றுகோலை மடியில் கிடத்தியிருந்தார். அவளைப் பார்த்ததும் கையை உயர்த்தினார்.

"வாயத் தொறக்காதீங்க," என்றார். "மூஞ்சியையும் அந்தப் பக்கம் திருப்பிக்கங்க. நீங்க எங்க பாக்குறீங்கன்னு கண்டுபிடிச்சிடுவேன்."

அவள் அவருக்குப் பக்கத்தில், கட்டையின் மறு முனையில், மலையைப் பார்த்தபடி உட்கார்ந்தாள். செல்லியம்மாள் இரண்டு டீயைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, சேலைத்தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அவசரமாக உள்ளே போனாள். பிறகு பச்சமுத்து, பெட்டி கிடைத்துவிட்டால் ஞாயிற்றுக்கிழமைக்கு வேறு இடம் பார்க்கவேண்டியிருக்கும் என்றார். குறையாகச் சொன்னது போலத் தெரியவில்லை.

மேற்கிலிருந்து ஆட்களின் பேச்சுச் சத்தம் நெருங்கி வந்தது. காலையில் அணையைத் திறந்திருந்தார்கள். வாய்க்காலுக்குள் முதல் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. ஓடி வரவில்லை. வேப்பிலைச் சருகுகளையும், நுரையையும், யாரோ எறிந்த காகிதக் குவளைகளையும் முன்னால் தள்ளிக்கொண்டு, மண் உறிஞ்ச உறிஞ்ச, தயங்கித் தயங்கி ஊர்ந்து வந்தது. அதற்கு இணையாகக் கரையின்மேல் கொஞ்சம் பேர் நடந்து வந்தார்கள். டீக்கடையில் இருந்தவர்கள் எழுந்து போனார்கள். எழில்மதியும் எழுந்தாள். பச்சமுத்து உட்கார்ந்த இடத்திலிருந்தே கழுத்தை நீட்டி எட்டிப் பார்ப்பதற்காக, பிடிமானத்துக்குக் கையைக் கட்டையின் பக்கவாட்டில் ஊன்றினார். அவருடைய கட்டைவிரல் ஒரு கணுவின் மேல் பட்டு, அதன் விளிம்பை ஒரு தரம் சுற்றி வந்து, நின்றது. எழில்மதி அதைப் பார்த்தாள். அவர் அவள் பக்கம் திரும்பவில்லை. விரலை எடுக்கவுமில்லை. தண்ணீர் டீக்கடைக்கு நேராக வந்து, வெடித்துக் கிடந்த மண்ணின் ஒவ்வொரு பிளவுக்குள்ளும் இறங்கிக்கொண்டிருந்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.