தெரிந்த வண்டி

தானியக் கிடங்கின் வாசலில் லாரி வந்து நின்றால், தரம் பார்ப்பவர் ஒரு மக்காச்சோள மணியை வாயில் போட்டுக் கடிப்பார். 'டக்'கென்று உடைந்தால் காய்ந்த சரக்கு, நசுங்கினால் ஈரம். உடனே துப்பிவிடுவார். ஈரம் காட்டும் கருவி மேசைமேல் சும்மா கிடந்தது. ஓட்டுநர்கள் அவருடைய கடைவாய்ப் பல்லையே நம்பினார்கள். முப்பது ஆண்டுகளில் கிடங்கின் மணி ஒன்றுகூடத் தம் தொண்டையைத் தாண்டியதில்லை என்று அவர் சொல்லாத ஆள் இல்லை.

அவருடைய தகப்பனாரைக் குடற்கட்டிதான் கொண்டுபோயிற்று. ஆகவே, குடலைப் படம் எடுக்க வேண்டும் என்று மருத்துவர் சொன்னதும் அவர் பயந்துபோனார். மூன்று நாள் விதை, தோல், நார் எதுவும் கூடாது. கடைசி நாள் தெளிந்த சாறு மட்டும். அன்று மாலை பேதி மருந்து. உள்ளே துணுக்கு தங்கினால் அது படத்தில் கட்டியைப்போலவே தெரியுமாம். அவருடைய மனைவி அந்தத் தாளைச் சமையலறைச் சுவரில் ஒட்டிவைத்து, தக்காளிச் சாற்றை இருமுறை துணியில் வடிகட்டினார். அவரும் வீட்டில் அதை எழுத்துக்கு எழுத்து கடைப்பிடித்தார். கிடங்குக்கு வழக்கம்போல் போய்வந்தார்.

படத்தில் ஒரு புள்ளி இருந்தது. விதை ஏதாவது சாப்பிட்டாரா என்று மருத்துவர் கேட்டார். இல்லவே இல்லை என்றார் அவர்.

"அப்படின்னா கட்டியா இருக்கலாம். குழாய் விட்டுப் பாக்கணும். துணுக்குதான்னா, திரும்ப ஒரு படம் எடுத்தாப் போதும்."

மனைவியின் கண் கலங்கியது. தரம் பார்ப்பவர் ஒரு பக்கம் தகப்பனாரையும் மறுபக்கம் முப்பது ஆண்டுகளையும் வைத்து எடைபோட்டார். தகப்பனார் பக்கம் தாழ்ந்தது.

"வேலை நேரத்துல ஒண்ணு உள்ள போயிருக்கலாங்க."

"ஒண்ணா?"

"லாரிக்கு ஒண்ணு."

"எத்தனை லாரி?"

"நேத்து மட்டும் பன்னெண்டு."

மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நான் இங்க ஒரு விதை விடாம வடிகட்டிக்கிட்டிருந்தேன். நீங்க அங்க லாரி லாரியா சாப்பிட்டிருக்கீங்க."

சாப்பிடவில்லை, ஈரம்தான் பார்த்தேன், பசியில் நாக்கு துப்ப மறந்துவிட்டது என்று அவர் விளக்கினார்.

அடுத்த முறை மூன்று நாளும் கருவியே ஈரம் பார்த்தது. ஓட்டுநர்கள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டார்கள். இரண்டாம் படத்தில் புள்ளி இல்லை.

வீட்டுக்கு வந்ததும் மனைவி பழைய படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

"ஏங்க, இது முழுசா இருக்கே. கடிச்ச மாதிரியே தெரியலையே?"

அவர் படத்தை வாங்கி உறையில் போட்டார்.

"அது தெரிஞ்ச வண்டி," என்றார்.