மசூதுக்கு அரை மாத்திரை

ஹைருன் பீவிக்குத் தம்பி மகனைப் பற்றிப் பேச ஆள் கிடைத்துவிட்டால் அடுப்பில் சோறு குழைவதுகூடத் தெரியாது. மசூது பிறந்து நாற்பது நாள் ஆகப்போகிறது. தெருவில் ஒருத்தரும் அவன் அழுது கேட்டதில்லை. பசித்தால் அழ மாட்டான், தொட்டில் துணி நனைந்தால் அழ மாட்டான். பால் குடிக்க வைப்பதற்கே உள்ளங்காலில் சுண்டி எழுப்ப வேண்டியிருந்தது. "தங்கக்கட்டியில்லா! இப்படி ஒரு சமத்து இந்தத் தென்காசியில எவ வீட்டுல இருக்கு?" என்று அவள் கேட்டால், கைப்பிள்ளைக்காரிகள் தங்கள் அழுகிற பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு நகர்ந்துவிடுவார்கள். பெற்றவள் ரஹ்மத்துக்கும் பெருமைதான். ஆனால் புருஷனை இழந்து, பிள்ளையும் இல்லாமல் தம்பி வீட்டுக்கு வந்துவிட்ட ஹைருனுக்குப் பெருமை ஒரு படி கூடுதல்.

தம்பி முகம்மது மீரான் தம்மாமில் வேலை பார்த்தான். எண்பத்திரண்டில், அரபு நாட்டுக்குப் போனவர்கள் வீட்டில் கடிதத்தைவிடக் கேசட்டுக்குத்தான் மவுசு. பிள்ளையின் குரலைப் பிடித்து அனுப்பச் சொல்லியிருந்தான். பன்னிரண்டாம் நாளே ஹைருன் டேப்ரிகார்டரைத் தொட்டிலுக்கடியில் வைத்து ஒரு பக்கம் முழுக்க ஓடவிட்டு அனுப்பினாள். நாற்பதாம் நாள் அக்காளுக்குப் பதில் வந்தது.

"லாத்தா, கேசட்டில் கடிகாரச் சத்தமும் உப்புக்காரன் சத்தமும் நீங்கள் பேசுவதும்தான் கேட்கிறது. பிள்ளை எங்கே? உடனே டாக்டரிடம் காட்டுங்கள்."

"அங்கன இருந்துக்கிட்டு இவனுக்கு என்ன தெரியும்?" என்று முனகிக்கொண்டேதான் ஹைருன் பிள்ளையைத் தூக்கினாள். ரஹ்மத்தும் கூடப் போனாள்.

டாக்டர் அகிலாண்டம் பிள்ளையின் தடித்த நாக்கைப் பார்த்தார், துருத்திய தொப்புளைப் பார்த்தார், தோலில் இன்னும் இறங்காத மஞ்சளைப் பார்த்தார்.

"வெளிக்கி போயி எத்தன நாளாச்சு?"

"அஞ்சு நாளாச்சு" என்றாள் ரஹ்மத்.

"அழுவானா?"

"அழவே மாட்டான் டாக்டரம்மா" என்றாள் ஹைருன், பரிசு வாங்கப் போகிறவள் மாதிரி.

"அது சமத்து இல்லம்மா, நோய்" என்றார் டாக்டர். "கழுத்துல தைராய்டுன்னு ஒரு சுரப்பி உண்டு. இவனுக்கு அது சரியா வளரலன்னு நெனைக்கேன். மூளையில கோடிக்கணக்கா உயிரணு இருக்கு. ஒவ்வொண்ணுக்கு உள்ளயும் ஒரு கரு, அந்தக் கருவுக்குள்ள ஒரு காவக்காரன். தைராய்டு சத்து போயி அவனைத் தொட்டாத்தான், கிளை விடு, பக்கத்து அணுவோட கை கோத்துக்கோன்னு உத்தரவு பொறப்படும். சத்து போவலன்னா அவன் சும்மா உக்காந்திருப்பான்."

"பெறவு குடுத்தாப் போதாதா?" என்றாள் ரஹ்மத்.

"ஆனியில நட வேண்டிய நாத்தை ஆவணியில நட்டா என்னத்த விளையும்? ஒடம்பு வளந்துரும், அறிவு வளராது."

ரத்தத்தை மதுரைக்கு அனுப்பிவிட்டு, முடிவு வரும்வரை காத்திராமல் மாத்திரை எழுதினார். தினமும் காலையில் அரை மாத்திரையைப் பொடித்துத் தாய்ப்பாலில் கொடுக்க வேண்டும். அந்த வேலையை ஹைருன் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

பத்தாம் நாள் மசூது அழத் தொடங்கினான். அழுகை என்றால் அப்படியொரு அழுகை. நாற்பது நாள் பாக்கியைச் சேர்த்து வைத்து அழுதான். கொழுகொழுவென்றிருந்த கன்னம் வற்றியது. "கண்ணு பட்டுட்டு" என்றார்கள் தெருவில். தங்கக்கட்டியை மருந்து கெடுத்துவிட்டது என்று ஹைருன் முடிவு கட்டினாள். மறுநாள் காலையில் அரை மாத்திரை சாக்கடைக்குப் போனது, மசூதுக்கு வெறும் பால் போனது. யாரிடமும் மூச்சு விடவில்லை. கெட்ட எண்ணம் துளியும் கிடையாது. மனிதர்கள் பெரிய தப்பைச் செய்ய அது தேவையும் இல்லை.

பதினெட்டு நாளில் பிள்ளை பழையபடி சமத்தாகிவிட்டான்.

மதுரை முடிவு, டாக்டர் நினைத்தது சரி என்று வந்திருந்தது. இருவரும் கொண்டு வந்த பிள்ளையை மறுபடி பார்த்தவருக்கு ஒன்றும் புரியவில்லை. "இப்பம் தெளிஞ்சிருக்கணுமே. மாத்திரை அளவு பத்தல போலிருக்கு. ரெட்டிப்பா குடுப்போம். நெஞ்சு படபடன்னு அடிச்சா ஒடனே தூக்கிட்டு வந்துரணும், சின்ன நெஞ்சு தாங்காது" என்று எழுதத் தொடங்கினார்.

ஹைருன் பேனாவையே பார்த்தாள். வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்கும் தெரியாது. நாளையிலிருந்து ஒழுங்காகக் கொடுத்துவிடலாம். ஆனால் இனிமேல் ரெட்டிப்பு மாத்திரையல்லவா உள்ளே போகும்? அந்தச் சின்ன நெஞ்சு?

"எழுதாதீங்க டாக்டரம்மா" என்றாள். "நான் குடுக்கல. பதினெட்டு நாளாக் குடுக்கல. அழுதானேன்னு நிறுத்திட்டேன்."

ரஹ்மத் திரும்பிப் பார்த்தாள்.

டாக்டர் எழுதியதைக் கிழித்துப் போட்டார். "பழைய அளவே போதும். நாளைக்கே ஆரம்பிங்க."

"அந்தப் பதினெட்டு நாள்?" என்றாள் ரஹ்மத்.

"தெரியாதும்மா. பொய் சொல்ல மாட்டேன். நடக்கையில, பேசுகையில பாத்துத்தான் சொல்ல முடியும்."

அன்று முதல் மாத்திரைப் புட்டி ரஹ்மத்தின் பெட்டிக்குள் போய்விட்டது. காலையில் அவளே பொடித்தாள், அவளே புகட்டினாள். மதினிக்குச் சோறு போட்டாள், குளிக்க வெந்நீர் வைத்தாள், தேவைக்கு மேல் பேசவில்லை. ஏசியிருந்தால் ஹைருனுக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும்.

ஒன்பதாம் நாள் மத்தியானம் மசூது வீறிட்டான். ஹைருன் கை வேலையைப் போட்டுவிட்டு ஓடினாள். அவனைத் தூக்கக் குனிந்தபோது ரஹ்மத் அவள் கையைப் பிடித்தாள்.

"தூக்காதீங்க மதினி. அழட்டும்."

"தொண்டை கட்டிரும் பிள்ளைக்கு..."

"அழட்டும். நீங்களும் உக்காந்து கேளுங்க."

ஹைருன் தரையில் உட்கார்ந்து கேட்டாள்.