வெளிவீதியில் நாலங்குலப் பனி

"தேங்காயெண்ணெயோ? ரயருக்கோ?"

"ஓம். நேற்றுப் பின்னேரம் டிராக்டரின்ர நாலு ரயருக்கும் பூசினனான். விடிஞ்சால் தைப்பூசம், சனம் படம் எடுக்கும். கறுப்பா மினுங்கட்டும் எண்டு நினைச்சன்."

"றூபன் அண்ணை, தலைக்கு வைக்கிற எண்ணெயையே நாங்கள் ஹீற்றருக்கு மேல வைச்சு உருக்கிறம். அது வெளியில நிக்கிற ரயரில எப்பிடிக் கிடக்கும்?"

றூபன் குனிந்து நகத்தால் சுரண்டிப் பார்த்தார். வெள்ளையாக உரிந்து வந்தது.

"மெழுகுதிரி மாதிரிக் கிடக்கு" என்றார், ஏதோ புதினம் கண்டவர்போல.

மேனுஷாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்கிற நேரமில்லை. ஹவுன்ஸ்லோவிலிருந்து முதல் பஸ் பிடித்து அவள் வந்து சேர்ந்தபோதே கோயிலின் வெளிவீதியில் நாலங்குலப் பனி கிடந்தது. ஒன்பது மணிக்குள் கல் தெரியாவிட்டால் பாற்குடம் உள்வீதியோடுதான் என்று தலைவர் சொல்லிவிட்டார். மகன் ஏழாம் மாதத்தில் பிறந்து கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்த நாட்களில், மூன்று வருடம் பாற்குடம் எடுத்து வெளிவீதி சுற்றுவதாக அவள் நேர்ந்திருந்தாள். இது மூன்றாவது வருடம். உள்ளே சுற்றினாலும் சாமி ஏற்றுக்கொள்வார் என்று ஐயர் சொன்னார். சாமி ஏற்பார்தான். அவளுடைய மனம் ஏற்காது.

விமான நிலையத்தில் பெட்டி வண்டிகளை இழுப்பது அவளுடைய வேலை. அந்தத் துணிவில்தான், வெளியாட்கள் தேவையில்லை, பனியை நானே தள்ளித் தருகிறேன் என்று கோயில் கூட்டத்தில் கையை உயர்த்தியிருந்தாள். கோயில் டிராக்டரோ ஒரு கோல்ஃப் மைதானத்திலிருந்து வந்த சின்ன வண்டி. புல்லுக்கு நோகாத வழுவழு ரயர். கோடையில் தேருக்குப் பின்னால் ஜெனரேட்டர் இழுக்கத் தோதானது. இன்று பனியில் விட்டதும் நின்ற இடத்திலேயே சில்லுச் சுற்றியது.

உப்புப் போட ஏலாது. வெறுங்காலோடு வருகிறவர்களின் பித்த வெடிப்பில் எரியும். சங்கிலி கட்டினால் புதிதாகப் பதித்த கல் கீறுப்படும். வண்டியைத்தான் நிலத்தைப் பிடிக்க வைக்க வேண்டும்.

மடப்பள்ளியிலிருந்து சுடுநீர் வந்தது. சட்டி கழுவுகிற சவர்க்காரத்தைக் கரைத்து இருவரும் ரயரைத் தேய்த்தார்கள். நுரை சாம்பல் நிறமாக ஓடியது. பிறகு அவள் காற்றை, வண்டிப் புத்தகத்தில் போட்டிருந்த ஆகக் குறைந்த அளவு வரைக்கும் இறக்கினாள். ரயர் கொஞ்சம் சப்பையாகி நிலத்தோடு படிந்தது. நாலு சில்லும் ஒன்றாய் இழுக்கிற நெம்புகோலைத் தட்டினாள்.

இந்தமுறை வண்டி நகர்ந்தது. வாசல் பக்கம் முழுவதும் கல் தெரிந்தது. றூபன் கை தட்டினார். வடக்கு வீதி ஏற்றத்தில், முன்வாளி நிறையப் பனியோடு அவள் திரும்பியபோது வண்டியின் பின்பக்கம் மெல்ல மேலே கிளம்பியது. சில்லு மறுபடி சும்மா சுற்றியது.

"முன்னுக்குப் பாரம், பின்னுக்கு ஒண்டும் இல்லை" என்று இறங்கினாள். "பின்பெட்டியில ஏதும் ஏத்தோணும்."

"நான் ஏறி இருக்கட்டே? எண்பத்தைஞ்சு கிலோ."

"போன வருசமும் அதைத்தானே சொன்னனீங்கள்! விழுந்தால் உங்களையும் சேத்தெல்லே அள்ளோணும். எனக்கு இருநூறு கிலோ வேணும், அசையாமல் கிடக்கிற கிலோ."

பூச்சாடிகளை ஏற்றினாலும் பாரம் காணாது. பனியையே அள்ளிப் போட்டாலும் பாரமில்லை. எட்டு மணி தாண்டிவிட்டது. ஈரக் கையைத் துடைத்தபடி அவள் மடப்பள்ளி வாசலுக்குப் போனாள். உள்ளே, சுவரோரம், அன்னதான அரிசி. இருபது கிலோ மூட்டைகள், ஒவ்வொன்றிலும் கொடுத்தவரின் பெயரும் நட்சத்திரமும் எழுதிய துண்டு.

களஞ்சியத் திறப்புக் கொத்தை இடுப்பில் செருகியபடி பாலாம்பிகை அக்கா கறிக்கு வாழைக்காய் வெட்டிக்கொண்டிருந்தார். போன வருடம் யாரோ களைத்துப்போய் ஒரு மூட்டையில் இருந்தார் என்று, அந்த மூட்டையை உலையில் போட விடாத மனிசி. சாமிக்குப் படைக்குமுன் அரிசியில் காலும் படக்கூடாது, மூச்சும் படக்கூடாது.

மேனுஷா சப்பாத்தைக் கழற்றி வெளியே வைத்தாள். காலுறை நனைந்திருந்தது. அதையும் கழற்றிவிட்டு உள்ளே போய் அவருக்கு முன்னால் நின்றாள். அக்காவின் பார்வை அவள் கண்ணிலிருந்து சுவரோரத்துக்குப் போய்த் திரும்பியது. கத்தி வாழைக்காயில் நின்றது.

"அக்கா, டிராக்டருக்குப் பாரம் காணாது, ஒரு பத்து மூட்டை தாங்கோ. பின்பெட்டியைக் கழுவி, புது வேட்டி விரிச்சு, நானே தூக்கி வைக்கிறன். ஆரும் காலால தொடாயினம். ஒன்பது மணிக்கு உங்கட கையிலயே திருப்பித் தாறன், அக்கா."