எட்டு வினாடி ஒப்புதல்

பத்து நாற்பதுக்கு அவள் கைப்பேசி அதிர்ந்தது. கணவன்.

வேலை நேரத்தில் அழைக்கிற ஆள் இல்லை. லிஃப்ட் மெக்கானிக். பகல் முழுக்க ஏதாவது ஒரு கட்டடத்தில் லிஃப்ட் பெட்டியின் தலைமேல் நின்றுகொண்டிருப்பான்.

"ஏம்மா, எனக்கு ரெட்டைக் குழந்தையாம். ஸ்கேன்ல தெரிஞ்சிருக்கு. வாழ்த்துச் சொல்லு."

"என்னங்க உளர்றீங்க? பதினொரு மணிக்கு எனக்கு டீம் லீட் இன்டர்வியூ. வைங்க."

"நான் உளறலை, உன் ஆஸ்பத்திரி உளறுது. பத்து மணியிலேர்ந்து பாக்கெட்டுக்குள்ள துடிச்சுக்கிட்டே இருக்கு. நாற்பத்தேழு மெசேஜ். சர்க்கரை, மூட்டுத் தேய்மானம், ரெண்டு கடைவாய்ப் பல்லைப் பிடுங்கணும்..."

அவள் நேற்று அனுப்பிய நிரலை அவசரமாகத் திரையில் திறந்தாள்.

அவள் அலுவலகம் மருத்துவமனை ஒன்றுக்கு மென்பொருள் எழுதித் தருகிறது. நோயாளிகளுக்குப் போகும் குறுஞ்செய்திகள் அவள் பொறுப்பு. போன வாரம் சோதனைக்காக, எல்லாச் செய்தியும் ஒரே எண்ணுக்குப் போகும்படி நிரலில் ஒரு வரி சேர்த்திருந்தாள். மீட்டிங் நடுவே தன் போன் துடித்துத் தொலைக்குமே என்று கணவனின் எண்ணைப் போட்டாள். வேலை முடிந்ததும் அந்த வரியை அழித்திருக்க வேண்டும்.

அழிக்கவில்லை. இன்று காலை பத்து மணிக்கு அது மென்பொருளோடு வெளியே போய், மருத்துவமனையில் ஓட ஆரம்பித்துவிட்டது.

யார் எழுதினாலும் இன்னொருவர் படித்து ஒப்புதல் தந்தால்தான் வெளியே போகும். அதுதான் விதி. அந்த அறையில் ஒப்புதல் தர இரண்டு பேர். ஒருவன் பட்டப்பெயர் கட்டைவிரல். அனுப்பிய கையோடு கட்டைவிரல் படத்தைப் போட்டு அனுப்பிவிடுவான். எல்லோரும் அவனிடம்தான் போவார்கள். இன்னொருவன் பூதக்கண்ணாடி. ஒவ்வொரு வரியாகப் படிப்பான், கேள்வி கேட்பான், உயிரை வாங்குவான். அவனிடம் யாரும் போவதில்லை. இன்று டீம் லீட் பதவிக்கு அவளோடு போட்டியிடுகிறவனும் அவனே.

நேற்று அவள் அனுப்பியது கட்டைவிரலுக்கு. கணவனை லைனிலேயே நிறுத்திவிட்டு அவன் பக்கம் திரும்பினாள்.

"டேய், நேத்து என்னோடதை எவ்வளவு நேரம் பார்த்தே?"

"எட்டு வினாடி இருக்கும்க்கா. உங்களோடதுதானேன்னு..." விஷயத்தைச் சொன்னதும் அவன் குரல் தாழ்ந்தது. "பதறாதீங்க. அந்த வரியைத் தூக்கிட்டு அனுப்புங்க, அழுத்திடறேன். ஈ காக்காவுக்குத் தெரியாது. நேரா இன்டர்வியூவுக்குப் போங்க."

அழித்தாள். ஒப்புதல் கேட்கும் கட்டத்தில் கட்டைவிரலின் பெயரைத் தேடும்போது காதில் கணவன் குரல்.

"இதோ நாற்பத்தெட்டு. 'மூன்று மணி அறுவை சிகிச்சை ஒரு மணிக்கு மாற்றப்பட்டுள்ளது. பதினொரு மணிக்கு மேல் தண்ணீர்கூடக் குடிக்க வேண்டாம்.' ஏம்மா, இது அந்த ஆளுக்குத் தெரியாதா?"

பத்து நாற்பத்தாறு.

அவள் விரல் ஒரு கணம் நின்றது. பிறகு பூதக்கண்ணாடியின் பெயரை அழுத்தினாள்.

இரண்டு மேசை தள்ளி அவன் நாற்காலி கிறீச்சிட்டது. படிக்க ஆரம்பித்தான். ஒரு நிமிடம். இரண்டு. மூன்று. அவள் எழுந்து போய் அவன் முதுகுக்குப் பின்னால் நின்றாள்.

"ஒரே ஒரு வரியைத்தானே தூக்கியிருக்கேன்! அதுல படிக்க என்ன இருக்கு?"

"தூக்கினதைப் பார்க்கலைங்க. அது இருந்தப்போ என்னென்ன செஞ்சுதுன்னு பார்க்கறேன்." திரையில் விரல் வைத்தான். "இந்தாங்க. போனதெல்லாம் 'சேர்ந்தது'ன்னு குறிச்சு வெச்சிருக்கு. உங்க திருத்தம் இனிமே வர்றதை மட்டும்தான் சரி பண்ணும். இந்த நாற்பத்தெட்டு பேருக்கும் செய்தி திரும்பப் போகவே போகாது."

கட்டைவிரல் அழுத்தியிருந்தால்? அவள் அதற்கு மேல் யோசிக்கவில்லை.

"திரும்ப அனுப்ப எவ்வளவு நேரமாகும்?"

"இருபது நிமிஷம். பதினொண்ணு தாண்டிடும்." திருத்தத்துக்கு ஒப்புதலை அழுத்திவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினான். "ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணியே ஆகணும். நீங்க பண்றீங்களா, நான் பண்ணட்டுமா?"

அந்த அழைப்பின் அர்த்தம் இருவருக்கும் தெரியும். மருத்துவமனை ஒரு புகாரைப் பதியும். பதிந்த நொடியில், தவறு செய்தவர் பெயரோடு அது மேனேஜரின் திரையில் போய் நிற்கும். இன்டர்வியூவுக்கு ஏழு நிமிடம்.

"என் தப்பு. நானே பண்றேன்."

வரவேற்பறைப் பெண் நோயாளி எண்ணைக் கேட்டாள். இன்னொரு போனில் கணவன் லிஃப்ட் தலைமேலிருந்து கத்தினான், இவள் திருப்பிச் சொன்னாள். ஒரு இலக்கம் தவறு. மறுபடி. காத்திருக்கச் சொல்லி ஏதோ இசையைப் போட்டார்கள். சுவர்க் கடிகாரத்தில் பதினொன்று. மீட்டிங் அறைக் கதவு திறந்து மூடியது.

பதினொன்று இரண்டு.

"மேடம், நோயாளி வீட்டுல பேசிட்டோம். மூணு மணிக்குத்தானேன்னு பெரியவர் கையில பால் விடாத டீயோட உக்காந்திருக்காராம்."

"குடிச்சிட்டாரா?"

"ரொம்பச் சூடாம். இன்னும் ஊதிக்கிட்டிருக்காராம். வாங்கி வெச்சிட்டாங்க."

அவள் போனை வைத்தாள். "மீதி நாற்பத்தேழும் உங்க பொறுப்பு," என்று பூதக்கண்ணாடியிடம் சொல்லிவிட்டு ஓடினாள்.

மேனேஜர் அம்மாள் உட்காரக்கூடச் சொல்லவில்லை. திரையைத் திருப்பினார். மேலே, சூடாக, அவள் பெயரில் புகார்.

"விண்ணப்பத்துல என்ன எழுதியிருக்கீங்க தெரியுமா? 'ஒப்புதலுக்கு எங்கள் குழு எடுக்கும் சராசரி நேரம் பத்து வினாடி. இந்த அலுவலகத்திலேயே அதிவேகம்.'"

"ஆமா மேடம். அந்த வரியையும் அழிக்கணும்."

பன்னிரண்டு மணிக்கு அறிவிப்பு வந்தது. பதவி பூதக்கண்ணாடிக்கு. கட்டைவிரல் முதல் ஆளாகக் கட்டைவிரல் போட்டான்.

கணவன் அழைத்தான். "என்னாச்சு?"

"கிடைக்கலைங்க."

லிஃப்ட் கயிறுகள் உரசும் சத்தத்துக்கு மேலே அவன் குரலை உயர்த்தினான்.

"சரி விடு. மெசேஜ் எல்லாத்தையும் அழிச்சிட்டேன். அந்த ரெட்டைக் குழந்தைக்காரங்களுக்கு மட்டும் சொல்லிட்டாங்களா? நான்தான் முதல்ல சந்தோஷப்பட்டேன், ஒரு மாதிரி இருக்கு."

அவள் பட்டியலைத் திறந்தாள். மீதி நாற்பத்தேழில் நாற்பத்தாறு செய்திகள் சேர்ந்துவிட்டன. ஒன்று மட்டும், ஸ்கேன் அறிக்கை, இன்னும் போய்க்கொண்டே இருந்தது. எதிர்முனை போன் அணைத்து வைக்கப்பட்டிருக்கலாம்.

"இன்னும் இல்லை. இருங்க, வைக்காதீங்க."

திரையைப் புதுப்பித்தாள். இல்லை. மறுபடி புதுப்பித்தாள்.