வலிக்காத கட்டி

என் பேரு நவநீதன், வயசு இருபத்தி நாலு, பெங்களூரு பீன்யாவுல ஒரு லேத்து பட்டறையில இருக்கேன். கை பூரா எண்ணெய், அதனால போனுல பேசியே அடிக்கறேன், தப்பு இருந்தா பாத்துப் படிச்சுக்கங்க. நம்ம சொந்தக்காரங்க குரூப்புல போடறேன், என்னத் தெரியாதவங்களும் இருப்பீங்க. அக்கா திட்டும், திட்டட்டும்.

நேத்து மத்தியானம் பாப்பாரப்பட்டிக்கு, தேன்மொழி அக்காவுக்கு போன் போட்டேன். பேச்சுவாக்குல சொல்லுது, "ரவிக்கையில ஒரு பக்கம் மட்டும் கற படியுதுடா, தொவைச்சாலும் போவல." காம்புலருந்து ரத்தம் கலந்தாப்புல தண்ணி வருதாம். காம்பு உள்ள இழுத்துக்கிச்சாம். ரெண்டு மாசமா. சோத்த மூடி வெச்சுட்டுக் கேட்டேன்.

"ஆஸ்பத்திரியில காட்டுனியா?"

"பெரிய டாக்டரு, பொம்பளைங்க சங்கதி உனக்கெதுக்குடா? மாரியம்மனுக்கு காப்பு கட்டியாச்சு. உங்க மாமா தீச்சட்டி எடுக்கறாரு. பண்டிக முடியற வரைக்கும் ஊரெல்ல தாண்டி ராத்தங்கக் கூடாது."

"காலையில போயிட்டு சாயங்காலம் வந்துடலாம்க்கா."

அக்கா மெதுவா, "அட்மிட் பண்ணிட்டாங்கன்னா? அம்மாவும் ஒரு நாளைக்குன்னுதானே போச்சு." வெச்சுடுச்சு.

காப்பு ஒரு சாக்குதான். பயந்து கெடக்குது.

இன்னொன்னு, நான் யாருகிட்டயும் சொல்லாதது. அம்மா மொதல்ல என்கிட்டத்தான் சொல்லுச்சு. புளி தட்டிக்கிட்டே போனுல, "மார்ல புளியங்கொட்ட கணக்கா ஒரு கட்டிடா, கெட்டியா நிக்குது. வலியில்ல." எனக்குக் கூச்சம். "வலிக்கலன்னா ஒண்ணுமில்லம்மா, வலிச்சா காட்டு"ன்னுட்டேன். அதுவும் வலி வரட்டும்னு எட்டு மாசம் இருந்துச்சு. வலி வந்தப்ப தோலு ஆரஞ்சுத் தோலாட்டம் குழிகுழியா ஆயிடுச்சு, அக்குள்லயும் கட்டி. தருமபுரியில டாக்டரம்மா கேட்டாங்க, "மொதல்ல இது பெரும்பாலும் வலிக்காதும்மா, கட்டி தெரிஞ்சப்பவே ஏன் வரல?" நான் பக்கத்துலதான் நின்னேன். அம்மா என் பேரச் சொல்லல. "தெரியலீங்க"ன்னுச்சு. தை மாசம் அம்மா போய்ச் சேந்துடுச்சு.

அக்காவுக்கும் அதேதான்னு நான் சொல்லல. வேற எதாச்சும் இருக்கும், மாத்திரையிலயே போயிடும். பாத்தாத்தானே தெரியும். முதலாளிகிட்ட சொல்லிட்டேன், நாளைக்கு வந்துடறேன். ஆனா நான் கூப்புட்டா அது வராது, தம்பிகிட்ட என்னத்தக் காட்டறதுன்னு நெனைக்கும்.

இதப் படிக்கறது யாரா இருந்தாலும் அக்கா வூட்டுக்காரரு சந்துரு மாமாவுக்கு போன் பண்ணுங்க. நாளைக்குக் காலையில அக்காவ ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. யாராச்சும் ஒரு பொம்பள கூடப் போங்க.