றம்ஸியாவின் கைக்கு ஒரு ஸ்டியரிங்

1

இந்தக் கதையை நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. வத்தேகமயில் மெக்கானிக் யாகப்பரின் கராஜில், என் வேனுக்கு பிரேக் பார்க்கக் கொடுத்துவிட்டுக் கதிரையில் உட்கார்ந்திருந்தபோது பாதி என் கண்முன் நடந்தது. மீதியை யாகப்பர் சொன்னார். எங்கள் இருவருக்கும் தெரியாத இடங்களை நானே நிரப்பியிருக்கிறேன். அங்கே எழுத்து கொஞ்சம் வழுக்கும், பார்த்து வாசியுங்கள்.

முதலில் இப்படித் தொடங்கினேன்:

‘இரண்டே இருக்கைகள் கொண்ட அந்தப் பழைய சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார், ஒரு மனிதனின் இளமைக் கனவை…’

இல்லை. கார் றம்ஸியாவுடையது. பேராதனையில் பல் வைத்தியம் படிப்பித்து ஓய்வு பெற்றவர், தானே வாங்கித் தானே ஓட்டுகிறவர். கணவர் தாஸிம் பக்கத்தில் உட்கார்ந்து வளைவுக்கு வளைவு பயத்தில் ஸலவாத்துச் சொல்லிப் பிரார்த்திக்கிறவர்.

கதை தாஸிமுடையது.

2

மூன்று மாதமாகக் கார் வாசலைத் தாண்டவில்லை. “பெற்றோல் விக்கிற வெலக்கி எங்க ஓடுறது?” என்றார் றம்ஸியா. தாஸிம் நம்பினார். ஒருநாள் காலை, ஜாம் போத்தலின் மூடியோடு மல்லுக்கட்டிவிட்டு, திறக்காமலே அதை மனைவி அலுமாரிக்குள் திருப்பி வைப்பதைக் கண்டார். விரல் மூட்டுகள் வீங்கியிருந்தன.

தாஸிம் நேரே போய்க் காருக்குள் உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்துப் பார்த்தார். மெல்லிய வளையம். லெதர் தேய்ந்து, உரிந்து, மிச்சமிருந்த இடம் சோப்புக்கட்டி மாதிரி வழுக்கியது. இறுக்கிப் பிடித்தால்தான் நிற்கும்.

(இங்கே எனக்கொரு சந்தேகம். முப்பது வருடம் கூட வாழ்ந்தவருக்கு இது மூன்று மாதம் தெரியாமல் போகுமா? யாகப்பரிடம் கேட்டேன். “எங்க வீட்டுல மூக்குக்கண்ணாடி போட ஆரம்பிச்சதையே நான் ஒரு வருஷம் கழிச்சுத்தாங்க பார்த்தேன்” என்றார். தாஸிமை மன்னித்துவிட்டேன்.)

3

சேவிஸ் என்று மனைவியிடம் பொய் சொல்லிக் காரைக் கராஜுக்குக் கொண்டுவந்த தாஸிம், புது ஸ்டியரிங் பூட்டச் சொன்னார்.

“பழசுக்கே புது லெதர் தைக்கலாங்களே சேர்?”

“இல்ல, தடிப்பா வேணும். இறுக்காம சும்மா கைய வெச்சாலே நிக்கணும்.”

யாகப்பர் தாஸிமின் கைகளைப் பார்த்தார். நன்றாகத்தான் இருந்தன. பெட்டரி வயரைக் கழற்றினார், நடுவிலிருந்த ஹோர்ன் மூடியை எடுத்தார், நட்டைத் தளர்த்தினார். பழைய ஸ்டியரிங் அரை மணி நேரம் அடம்பிடித்துவிட்டு வந்தது. கேட்டபடி தடிப்பான புதியதைப் பூட்டி முடிக்கவும் ஒரு த்ரீவீல் வந்து நிற்கவும் சரியாக இருந்தது. இறங்கியவர் றம்ஸியா.

“சேவிஸ்ண்டு செல்லித்தானே எடுத்துட்டு வந்தீங்க?”

“லெதர் உரிஞ்சி… காருக்கு அழகில்லையே.”

றம்ஸியா ஏறி உட்கார்ந்து ஸ்டியரிங்கில் கைகளை வைத்தார். விரல்கள் பாதிதான் மடங்கின. அந்தத் தடிப்புக்கு அது போதுமாக இருந்தது.

“எப்ப கண்டீங்க?”

“ஜாம் போத்தல்.”

“நீங்க பாவப்படுவீங்கண்டுதான் செல்லல்ல.” குரல் உடைந்தது. “அதுக்குப் பொறகு, இனி ஓட்டவாணாம்ண்டு செல்லுவீங்க.”

தாஸிம்

தாஸிம் என்ன

(இந்த இடத்தில் மூன்று நல்ல வசனங்கள் எழுதி வெட்டினேன். அவர் சொன்னது இதுதான்:)

“வீட்டிலீந்து இங்க வரைக்கும் ரெண்டாம் கியர்லயே வந்தேன். நீங்க ஓட்டாட்டி வேற யாரு ஓட்டுற?”

“அல்லாஹ்! என்ட கிளட்ச்!”

கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். தாஸிம் பக்கத்துக் கதவைத் திறந்து ஏறினார்.

4

முடிவு ஒன்று: புசல்லாவை மலைப்பாதை வளைவுகளில் வலியே இல்லாமல் பறந்தார்கள். பொய். ஸ்டியரிங் மூட்டு வலிக்கு மருந்தல்ல.

முடிவு இரண்டு: கொஞ்ச தூரத்திலேயே காரை நிறுத்தி, சாவியைக் கணவரிடம்… எழுதக் கை வரவில்லை.

நான் பார்த்தது இவ்வளவுதான். உள்ளங்கைகளால் ஸ்டியரிங்கைத் திருப்பி றம்ஸியா காரை வெளியே எடுத்தார். ஹோர்னை ஒருமுறை அடித்துப் பார்த்தார். போய்விட்டார்கள்.

எவ்வளவு தூரம் போனார்கள் என்று யாகப்பரின் போனில் கேட்கலாம். நான் கேட்கவில்லை. கை நோகத் தொடங்கும் இடத்தில் அவர் காரை நிறுத்துவார், அது நிச்சயம். அந்த இடம் எதுவென்று நீங்கள் முடிவு செய்யுங்கள். கொஞ்சம் தள்ளியே வையுங்கள்.